வீட்டுச் செடிகளில் பூச்சி: ஒழிப்பதற்கான எளிய செய்முறை

செடியில் பூச்சி தெரிந்ததும் மருந்து வாங்க ஓட வேண்டியதில்லை. முதலில் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பூச்சிகள் இலையின் அடிப்புறத்திலும் தண்டின் இடுக்குகளிலுமே ஒளிந்திருக்கும். இலைக்காம்பு தண்டோடு சேரும் மூலையில் பஞ்சுத் துணுக்குகளாக அப்பியிருப்பது மாவுப்பூச்சி. தண்டில் பழுப்புப் பொருக்காக ஒட்டியிருந்து, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வருவது செதில் பூச்சி. இளந்தளிரில் கூட்டமாக மொய்ப்பது அசுவினி. இலையின் மேற்புறம் ஊசி குத்தியதுபோல் வெளிறி, அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அது செஞ்சிலந்திப்பேன். எட்டுக் கால்கள் கொண்ட இது பூச்சியினத்தைச் சேராததால், பூச்சிக்கென்றே விற்கப்படும் பல மருந்துகள் இதனிடம் பலிப்பதில்லை.

நம் குமரி மாவட்டத்தில் இடத்துக்கு இடம் தொல்லை மாறும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் தோவாளைப் பக்கத்து வறண்ட மாடிகளில் செஞ்சிலந்திப்பேனையும், மழை மிகுந்த குலசேகரம், மார்த்தாண்டம் பக்கத்து ஈரமான வராந்தாக்களில் செதில் பூச்சியையும் தொட்டி மண்ணில் பெருகும் சிறு கறுப்பு ஈக்களையும் முதலில் சந்தேகிக்கலாம். தென்னையின் அடியில் வைத்த தொட்டிகளில் இலைகள் பிசுபிசுத்துக் கரி பூசியதுபோல் கறுத்தால், மேலே ஓலையைப் பாருங்கள். சுருள் வெள்ளை ஈ கழிக்கும் இனிப்பு நீர் சொட்டி, அதன்மேல் பூஞ்சணம் படர்ந்திருக்கும். அவ்வாறாயின் தொட்டியை நகர்த்தி, இலைகளை ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

பூச்சி பிடித்த தொட்டியை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்துவிட்டு, மிகவும் கெட்டுப்போன கிளைகளை வெட்டி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்; உரக்குழியில் போட வேண்டாம். பிறகு மண்ணை ஒரு பிளாஸ்டிக் தாளால் மூடி, தொட்டியைச் சாய்த்துப் பிடித்து, இலையின் அடிப்புறத்தில் குழாய்த் தண்ணீரைச் சற்று விசையாக அடியுங்கள். அசுவினியும் செஞ்சிலந்திப்பேனும் இதிலேயே பெருமளவு போய்விடும். இதைச் செய்யாமல் மருந்தடிப்பது வீண் செலவு என்பதே என் எண்ணம்.

மாவுப்பூச்சிக்கும் செதில் பூச்சிக்கும் தண்ணீர் மட்டும் போதாது, அவற்றின் மேல் மெழுகுக் கவசம் உண்டு. மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டால், வெள்ளைப் பூச்சு கரைந்து, உள்ளிருக்கும் பூச்சியின் நிறம் வெளிப்படும். முதலில் ஓர் இலையில் மட்டும் தொட்டு, மறுநாள் அது கருகவில்லை என்று உறுதி செய்துகொண்டு தொடருங்கள்.

அடுத்தது வேப்பெண்ணெய்க் கரைசல். எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதக்கும். எனவே 5 மி.லி. வேப்பெண்ணெயுடன் சில துளி காதி சோப்புக் கரைசலைச் சேர்த்து, பால்போல் வெளுக்கும்வரை குழைத்த பின்னரே, 1 லிட்டர் இளஞ்சூட்டு நீரைச் சிறிது சிறிதாக விட்டுக் கலக்க வேண்டும். துணி துவைக்கும் தூள் இலையைப் பொசுக்கும், அதைத் தொடாதீர்கள். வெயில் தாழ்ந்த பின் இலையின் இரு புறமும் நனையத் தெளித்து, மீந்ததைக் கொட்டிவிடுங்கள்; கரைத்தது அன்றைக்கே ஆகும். பெரணி போன்ற மெல்லிய இலைச் செடிகளுக்கு எண்ணெய் ஆகாது.

பலர் ஒரு முறை தெளித்து, பூச்சி குறைந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். முட்டைகளுக்கு இக்கரைசல் பெரும்பாலும் எட்டுவதில்லை. மாவுப்பூச்சி நூற்றுக்கணக்கில் இடும் முட்டைகள் ஒன்றிரண்டு வாரங்களில் பொரித்துவிடும். ஆகவே 5 முதல் 7 நாளுக்கு ஒரு முறை, குறைந்தது மூன்று நான்கு சுற்றுகள் தெளித்தாக வேண்டும். மழை பெய்தால் கரைசல் கழுவிப்போகும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவங்களிலும் மழை காணும் நம்மூரில் தொட்டியைக் கூரைக்கு அடியில் வைத்தே இதைச் செய்வது நல்லது.

மண்ணில் கிளம்பும் ஈக்களுக்குத் தெளிப்பு வேண்டாம். தென்னைநார்க் கழிவு கலந்த மண்ணில் ஈரம் நெடுநாள் நிற்குமாதலால், மேல் மண் ஓர் அங்குலம் காயும்வரை தண்ணீரை நிறுத்துங்கள். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செருகினால், பறப்பவை ஒட்டிக்கொள்ளும்.

எறும்பையும் கவனியுங்கள். மாவுப்பூச்சியின் இனிப்பு நீருக்காக வரும் எறும்புகள், அப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டுகளை விரட்டிவிடும். தொட்டியை நீர் ஊற்றிய தட்டின் நடுவே, அடி நனையாதபடி கற்களின்மேல் வைத்தால் எறும்பின் வழி அடைபடும். அத்தட்டில் கொசு முட்டையிடாதபடி ஓரிரு நாளுக்கு ஒரு முறை நீரை மாற்றுங்கள்.