‘சூப்பர் மச்சி’ போதாது: நண்பர்களிடம் பேசிக் காட்டி பிரசன்டேஷனைத் திருத்துவது எப்படி?

ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முன்னால் நண்பர்களிடம் பேசிக் காட்டினால், பெரும்பாலும் கிடைப்பது ‘சூப்பர் மச்சி’தான். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ‘எப்படி இருந்துச்சு?’ என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். அதனால் பேசத் தொடங்கும் முன்பே ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

கேட்க மூன்று பேர் போதும். ஒருவர் நேரம் பார்க்கிறார். 7 நிமிடப் பேச்சென்றால் 5-ஆவது நிமிடத்தில் பச்சை அட்டை, 6-இல் மஞ்சள், 7-இல் சிவப்பு. 1924-இல் கலிபோர்னியாவில் தொடங்கி, இன்று சென்னையிலும் பல கிளப்புகளாக இயங்கும் பேச்சுப் பயிற்சி அமைப்பான டோஸ்ட்மாஸ்டர்ஸில் பழகிப்போன முறை இது. இரண்டாமவர் ‘வந்து’, ‘சோ’, ‘ஆக்சுவலி’, ‘பேசிக்கலி’ எல்லாவற்றுக்கும் கோடு போடுகிறார். மொத்த எண்ணிக்கை மட்டும் உதவாது. எந்த ஸ்லைடில் என்றும் குறிக்கட்டும். ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடத்தில் ‘சோ’ குவிந்தால், அங்கே என்ன சொல்வதென்று நீங்கள் யோசித்து வைக்கவில்லை. அந்த ஒரு வரியை எழுதி மனப்பாடம் செய்யுங்கள்.

மூன்றாமவர் இடம் கடைசி பெஞ்ச். ஃபேன் முழு வேகத்தில் ஓடட்டும். ஏப்ரல் மாத ரிவ்யூ அப்படித்தான் நடக்கும். குரல் கேட்காவிட்டாலோ ஸ்லைடைப் படிக்க முடியாவிட்டாலோ உடனே கையைத் தூக்குவது அவர் வேலை. தமிழில் பேசுபவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வினைச்சொல் கடைசியில் வருவதால், வாக்கிய முடிவில் குரல் இறங்கினால் ‘செய்தோம்’ என்றீர்களா ‘செய்யவில்லை’ என்றீர்களா என்பதே தெரியாது.

பேசி முடித்ததும் வாய்வழியாகக் கருத்துக் கேட்காதீர்கள். முதலில் பேசுபவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். 2 நிமிடம் தனித்தனியாகச் சீட்டில் எழுதட்டும். ஜூனியர் இருந்தால் இது கட்டாயம். நேரில் ‘நல்லா இருந்துச்சுண்ணா’ என்பதோடு நிறுத்திக்கொள்பவர், சீட்டில் உள்ளதை எழுதுவார்.

சீட்டில் முதல் கேள்வி: ‘நான் சொல்ல வந்தது என்ன? ஒரே வரியில்.’ இதைவிடப் பயனுள்ள கேள்வி இல்லை. மூன்று சீட்டில் மூன்று விதமான பதில் வந்தால், கோளாறு குரலிலோ கையசைவிலோ இல்லை. பேச்சின் அமைப்பில் இருக்கிறது. முடிவை 2-ஆவது ஸ்லைடுக்குக் கொண்டுவந்து மறுபடி பேசிப் பாருங்கள். அடுத்த கேள்வி, எங்கே கவனம் சிதறியது என்பது. ஸ்லைடு எண் போதும். ‘பதற்றமா இருந்தே’ என்றால் எதைத் திருத்துவது? ‘3-ஆவது ஸ்லைடைத் திரும்பி நின்னு படிச்சே’ என்றால் திருத்தலாம்.

சீட்டுகளைப் படிக்கும்போது பதில் பேசாதீர்கள். ‘இல்லடா, அது ஏன்னா...’ என்று தொடங்கினால் அடுத்த முறை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சொல்லத் துடிக்கும் அந்த விளக்கம் பேச்சுக்குள்ளேயே இருந்திருக்க வேண்டியது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் வேகம் என்பார், இன்னொருவர் இழுவை என்பார். பேசும்போதே செல்போனில் பதிவு செய்துவைத்து, அதைப் போட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 120 முதல் 150 சொற்கள் வரை இயல்பான வேகம். தமிழுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. விகுதிகள் ஒட்டி ஒரு சொல்லே நீண்டுவிடும். வாக்கியங்களுக்கு நடுவே மூச்சுவிட இடம் இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

வந்த குறைகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, முதல் 2 நிமிடப் பகுதியை அன்றைக்கே மறுபடி பேசுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் திருத்தப் போனால் பேச்சே தடுமாறும். அடுத்த சுற்றில் ஒருவரையாவது மாற்றிவிடுங்கள், முடிந்தால் வேறு துறைக்காரராக. முன்பே கேட்டவருக்கு விஷயம் தெரிந்துவிட்டதால், நீங்கள் சொல்லாமல் விட்டதையும் அவரே நிரப்பிப் புரிந்துகொள்வார்.