டப்பாவுக்குள் பஞ்சு

எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்குத் துணையாக வெளிநாட்டில் தொண்டு செய்யப் போகிறீர்களா? முதலில் அமைப்பை விசாரியுங்கள். எச்.ஐ.வி. உள்ள பெண்களே அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு பொறுப்பில் இருக்கிறார்களா? அவர்களைப் பற்றிய முடிவுகளில் அவர்களுக்குப் பங்கு வேண்டும் என்று 1994-லேயே பாரிஸில் 42 நாடுகள் கையெழுத்துப் போட்டன. ஒருவர்கூட இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். சுற்றுலா விசாவில் போய்த் தொண்டு செய்யப் பல நாடுகளில் அனுமதி இல்லை, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவ விஷயம் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவு மூலம் அது பரவாது. சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். முறையான சிகிச்சையில் 5-க்கும் கீழே. தாய்ப்பால் பற்றிக் கேட்டால் நீங்களாகச் சொல்லாமல் நர்ஸிடம் கூட்டிப்போங்கள். உங்களுக்கு இருமல் இருந்தால் அன்று போகவே வேண்டாம்.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமானது. நான் முதன்முதலில் போன இடத்தில், மருந்து வாங்கி வந்த ஒரு பெண் மர நிழலில் நின்று டப்பா லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்தார். மூடியைத் திறந்து மாத்திரைகளின் மேல் பஞ்சை அடைத்தார். காதருகே ஆட்டிப் பார்த்தார். சத்தம் வரவில்லை என்றான பிறகுதான் பையில் போட்டார். வீட்டில் யாருக்கும் தெரியாது.

அடுத்த முறை அவர் வரவில்லை. அக்கறையில், அமைப்பின் பெயர் போட்ட சட்டையோடு வீடு தேடிப் போய்விட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் என்னைத் தெரியாதவர் மாதிரி நின்றார். அதன்பின் மருந்துக்கு வெகு தொலைவில் வேறொரு ஊருக்குப் போனார். அந்த அலைச்சல் என்னால் வந்தது.

அதனால் எந்தப் பெண்ணின் வீட்டுக்கும் அவராகக் கூப்பிடாமல் போகாதீர்கள். எந்த நேரத்தில், என்ன பெயர் சொல்லிப் போன் செய்யலாம் என்று அவரிடமே கேளுங்கள். வெளியில் பார்த்தால் அவர் முதலில் பேசட்டும். மொழிபெயர்ப்பவர் அதே தெருக்காரராக இருக்கக் கூடாது. போட்டோ வேண்டாம், முதுகு மட்டும் தெரிகிற மாதிரிகூட.

கூட்டம் நடக்கும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, கணக்கு எழுதுவது என்று கேட்கிற வேலையைச் செய்யுங்கள். அம்மாக்கள் இரண்டு மணி நேரம் நிம்மதியாகப் பேச அது போதும். எப்போது கிளம்புவீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கிளம்பும் அன்று, பெயர் எழுதிய ஒரு தாள்கூட உங்கள் பெட்டியில் இருக்கக் கூடாது. போனையும் ஒருமுறை பாருங்கள்.