கூச்சம் உள்ளவர்கள் விளம்பரத்தில் விடும் தவறுகள்

படம் பிடிப்பது, மெனு கார்ட் செய்வது போன்ற வேலைகளைச் சொந்தமாக எடுத்துச் செய்யும் கூச்சக்காரர்கள், விளம்பரம் என்றாலே தன்னைத் தானே புகழ்வது என்று நினைத்து ஒதுங்குவதுதான் முதல் தவறு. என்ன செய்து தருவீர்கள், எவ்வளவு ஆகும், எத்தனை நாளில் கிடைக்கும்: வாடிக்கையாளருக்கு வேண்டியது இவ்வளவுதான். ஆனால் கூச்சம் முதலில் மறைப்பதே இவற்றைத்தான். "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க" என்று போடுகிறோம். கேட்பவருக்கும் கூச்சம் இருக்காதா? விலை கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லத் தயங்கி, கேட்காமலே போய்விடுவார். தொடக்க விலையை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

அடுத்தது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை மட்டும் நம்பியிருப்பது. அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதுவும் இருவர் போனிலும் மற்றவர் இலக்கம் இருந்தால்தான் தெரியும். ஆக, பார்ப்பது பெரியம்மாவும் பள்ளிக்கூடக் கூட்டாளிகளும்தான். வாட்ஸ்அப் பிசினஸில் கட்டலொக் வசதி இருக்கிறது. வேலைகளை விலையோடு அதில் போட்டு வைத்தால், கேட்பவருக்கு லிங்க் அனுப்பினால் போதும்.

திருகோணமலைக்காரர் அதிகம் கோட்டைவிடுவது காலத்தில். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை சுற்றுலா சீசன். மெனு கார்ட், பெயர்ப்பலகை, அறைப் படங்கள் எல்லாம் அதற்கு முன்பே தயாராக வேண்டும். சீசன் தொடங்கியபின் போஸ்ட் போட்டால் ஹோட்டல், கெஸ்ட் ஹவுஸ் முதலாளிக்குப் பார்க்க நேரம் இருக்காது. மழை ஓய்ந்த பெப்ரவரி, மார்ச்சில் நேரடியாக எழுதுங்கள்: "வணக்கம் அண்ணா, கெஸ்ட் ஹவுஸ் அறைகளைப் படம் பிடித்துக் கொடுக்கிறேன். அரை நாள் வேலை. மாதிரிக்கு மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன்." ஊருக்கே கேட்கப் பேசுவதைவிட, கூச்சக்காரருக்கு இப்படி ஒருவரிடம் பேசுவது எளிது. பதில் வராவிட்டால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு வாரம் விட்டு இன்னொரு முறை கேட்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

கோணேசர் கோவில் சூரிய உதயத்தையும் புறாத்தீவுப் பவளப்பாறையையும் மட்டுமே போடுபவர்களும் இருக்கிறார்கள். லைக் குவியும், வேலை வராது. நீங்கள் மெனு கார்டும் செய்வீர்கள் என்று அதைப் பார்த்து யாருக்குத் தெரியும்? செய்து கொடுத்த வேலையைப் போடுங்கள். அப்புறம், "சும்மா கீறினது, பிழை இருந்தா மன்னிக்கவும்" என்று கீழே எழுதாதீர்கள். அது அடக்கம் இல்லை, பேரத்துக்கு நீங்களே கொடுக்கும் இடம்.

கலியாண வீடு, சாமத்திய வீட்டுப் படங்களை அனுமதி இல்லாமல் போடவே கூடாது. பெண்பிள்ளையின் படம் என்றால் பெற்றோருடன் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். வேலை முடிந்தபின் கேட்கக் கூச்சமாக இருந்தால், அட்வான்ஸ் வாங்கும்போதே "எந்தப் படங்களைப் பேஸ்புக்கில் போடலாம்?" என்று கேட்டு, பதிலை மெசேஜில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.