பெலும் குகைக்கு ஸ்வெட்டர் வேண்டாம்

குகை என்றாலே ஜில்லென்று இருக்கும் என்று நம்பிக் கிளம்புகிறார்களே, அங்கேதான் முதல் தவறு. ஆந்திராவின் நந்தியால் மாவட்டத்தில் உள்ள பெலும் குகைக்குள் வியர்த்துக் கொட்டும். நிலத்தடிக் குகையின் வெப்பம் பெரும்பாலும் அந்த வட்டாரத்தின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். அரக்குப் பக்கம் மலையில் இருக்கும் போரா குகை குளுமையாக இருப்பதும், ராயலசீமா வெயிலுக்கு அடியில் கிடக்கும் பெலும் புழுங்குவதும் அதனால்தான். காற்று வருவதற்கு மேலிருந்து துளை போட்டிருக்கிறார்கள். அதன் கீழே நின்று ஆசுவாசப்படுத்திக்கொண்டு நடக்கலாம். மூச்சுத்திணறல் உள்ளவர்களும் நெரிசலான இடம் என்றாலே பயப்படுகிறவர்களும் யோசித்துவிட்டு இறங்குங்கள். பருத்திச் சட்டை, வழுக்காத செருப்பு, தண்ணீர் பாட்டில் போதும்.

மலை எங்கே என்றும் தேடாதீர்கள். சமதரையில் ஒரு பள்ளம், அதில் படிக்கட்டு, அவ்வளவுதான் வாசல். உள்ளே சில இடங்களில் குனிந்துதான் போக வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்லது.

1884-இல் இந்தக் குகையைப் பற்றிக் குறித்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற பிரிட்டிஷ் நிலவியலாளர். பல்லாவரத்தில் கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்த அதே மனிதர்தான்! நூறு வருடம் கழித்து ஜெர்மன் குழு ஒன்று வந்து விரிவாக அளந்தது. மொத்தம் 3,229 மீட்டர். நமக்குத் திறந்திருப்பது சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான். விளக்கு முடியும் இடத்தைத் தாண்டி, செல்போன் வெளிச்சத்தில் 'சும்மா எட்டிப் பார்க்க' நுழைவது வீண் வம்பு.

எனக்கு எரிச்சல் வருவது தட்டுகிறவர்களைப் பார்த்தால்தான். உள்ளே சப்தஸ்வர குகை என்ற பகுதியில் பாறை விழுதுகளைத் தட்டினால் ஒலி வரும் என்று ஆளாளுக்குத் தட்டிப் பார்க்கிறார்கள். கூரையில் கசியும் நீர் சொட்டுச் சொட்டாகச் சுண்ணாம்பை விட்டுச் சென்று, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் உருவானவை அவை. உடைந்தால் நம் பேரன் காலத்திலும் வளராது. தொடுவதும் கெடுதல்தான்: கையிலுள்ள எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் சுண்ணாம்பு சரியாகப் படியாது, கறையும் பிடிக்கும்.

களைத்துப்போய்ப் பாதாள கங்கையைப் பார்க்காமலே திரும்புகிறவர்களும் உண்டு. குகையின் மிக ஆழமான இடம் அது. நீரோட்டம் பூமிக்குள் மறைவதை அங்கே பார்க்கலாம்.

அப்புறம், பக்கத்துக் கடப்பா மாவட்டத்தின் கண்டிகோட்டா கோட்டையையும் அதே நாளில் சேர்க்கிறவர்கள் பலர் கோட்டையை முதலில் வைத்துக்கொள்கிறார்கள். மாற்றிப் போடுங்கள். பெலும் மாலையில் மூடிவிடும். கண்டிகோட்டாவின் பெண்ணாற்றுப் பள்ளத்தாக்கோ சாயங்கால வெயிலில்தான் அழகு. இடையில் சுமார் 60 கிலோமீட்டர்.