மொட்டை மாடியில் ஓர் அகச்சிவப்பு விண்மீன் பட்டியல்: ராமநாதபுரம் கடற்கரைக்கான செய்முறை

அகச்சிவப்பில் வானத்தை அளப்பது என்றதும் மலையுச்சித் தொலைநோக்கிதான் நினைவுக்கு வரும். 1997 முதல் 2001 வரை வானம் முழுவதையும் அகச்சிவப்பில் அளந்த டூமாஸ் (2MASS) அளவீடு அப்படித்தான் நடந்தது. அரிசோனாவின் ஹாப்கின்ஸ் மலையில் ஒன்று, சிலியின் செரோ டோலோலோவில் ஒன்று என 1.3 மீட்டர் தொலைநோக்கிகள் இரண்டு, 1.25, 1.65, 2.17 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது 1,000 நானோமீட்டர்) என மூன்று பட்டைகள். கடைசியில் ஏறக்குறைய 47 கோடி புள்ளி மூலங்கள், அதாவது விண்மீன் போலப் புள்ளியாகத் தெரியும் பொருள்கள். அந்தப் பட்டைகளுக்கு நம்மால் போக முடியாது. கேமராவில் இருக்கும் சிலிக்கான் சென்சார் 1.1 மைக்ரானுக்கு மேல் ஒளியை உணராது. ஆனால் 0.72 மைக்ரானில் தொடங்கி 1 மைக்ரான் வரை உள்ள அண்மை அகச்சிவப்பு நமக்குத் திறந்தே கிடக்கிறது. ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆர், ஒரு 50 மி.மீ. லென்ஸ், ஒரு ஸ்டாண்டு இருந்தால் போதும். வானத்தோடு சேர்ந்து சுழலும் டிராக்கர் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதற்கு நம் ஊர் இருக்கும் இடமே காரணம், கீழே வருகிறது.

பலரும் கேட்கும் ஒரு சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். பகலெல்லாம் காய்ந்த மணலும் மாடித் தளமும் அகச்சிவப்பில் ஒளிர்ந்து படத்தைக் கெடுக்காதா? கெடுக்காது. அந்த வெப்பநிலையில் உள்ள பொருள் உமிழும் ஒளி 10 மைக்ரான் பக்கத்தில்தான் உச்சம் தொடும். நாம் பிடிக்கும் 1 மைக்ரானுக்குக் கீழே அதன் பங்கு ஒன்றுமே இல்லை.

கருவிகள்

கேமராவின் சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் ஒரு கண்ணாடி இருக்கும். அதை எடுத்தாக வேண்டும். எடுக்காமல் வெளியே ஃபில்டர் மட்டும் மாட்டினால் உள்ளே வரும் ஒளி மிகச் சொற்பம். மூன்று விநாடிப் படத்தில் எதுவும் தேறாது. இந்த வேலையைக் கேமரா பழுது பார்ப்பவரிடமே கொடுங்கள். ஃபிளாஷுக்கான மின்தேக்கி பேட்டரியைக் கழற்றிய பிறகும் பலமாக ஷாக் அடிக்கும். எடுத்த கண்ணாடிக்குப் பதிலாக அதே தடிமனில் தெளிவான கண்ணாடி ஒன்றைப் போடச் சொல்லுங்கள். போடாமல் விட்டால் குவியம் சென்சாருக்கு முன்னாலேயே விழும்; சில லென்ஸ்களில் விண்மீனைக் கூர்மையாக்கவே முடியாது.

ஃபில்டர் விஷயத்தில் 720 நானோமீட்டர், 850 நானோமீட்டர் இரண்டும் கிடைக்கும். 850 இன்னும் 'சுத்தமான' அகச்சிவப்பு என்று அதை வாங்கத் தோன்றும். நம் கடற்கரைக்கு 720தான் சரி. 940 நானோமீட்டரைச் சுற்றி நீராவி ஒளியை விழுங்கும் ஒரு பட்டை இருக்கிறது. 850 ஃபில்டர் போட்டால் கிடைக்கும் கொஞ்ச ஒளியில் பெரும்பங்கு அந்தப் பட்டையை ஒட்டியே வரும். கடற்காற்றின் ஈரம் ஏறி இறங்க, உங்கள் அளவீடும் ஏறி இறங்கும்.

மாற்றிய கேமராவைப் பகலிலேயே சோதித்துவிடலாம். ஃபில்டரை மாட்டி ஊரோரத்துச் சீமைக்கருவேலங்காட்டைப் படம் எடுங்கள். இலைகள் வெளேரென்றும் நீலவானம் கறுத்தும் தெரிந்தால் எல்லாம் சரி. அதே படத்தின் நடுவில் வட்டமாக வெளிச்சத் திட்டு தெரிந்தால் லென்ஸை மாற்றுங்கள். அது லென்ஸுக்குள் பட்டுத் திரும்பும் ஒளி. சில 50 மி.மீ. லென்ஸ்களில் துளையைச் சுருக்கச் சுருக்க அது கூடும்; பிறகு எந்தத் திருத்தத்திலும் போகாது.

கணக்கு எளிது. பிக்சலின் அளவை (மைக்ரானில்) 206 ஆல் பெருக்கி, குவிய தூரத்தால் (மி.மீ.) வகுத்தால் ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை விகலை (ஒரு பாகையில் 3,600 விகலை) என்று வரும். கேனான் 600டி-யில் பிக்சல் 4.3 மைக்ரான், 50 மி.மீ. லென்ஸில் 17.7 விகலை. ஒரு படம் ஏறக்குறைய 25 பாகை அகலமும் 17 பாகை உயரமும் உள்ள வானத்தைப் பிடிக்கும். பூமி சுழல்வதால் விண்மீன் விநாடிக்கு 15 விகலை நகரும். 3 விநாடியில் இரண்டரை பிக்சல். நமக்கு இது பொறுத்துக்கொள்ளக்கூடிய இழுப்புதான்.

இடமும் காலமும்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்ததும் தொடங்கலாம். மாசியும் பங்குனியும் நல்ல காலம். கச்சான் காற்று வலுத்துவிட்டால் ஸ்டாண்டு நிற்காது. அமாவாசைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. நிலவொளி காற்றில் சிதறுவது நீலத்தில்தான் அதிகம். அகச்சிவப்பில் வளர்பிறை அஷ்டமி வரைகூட வேலை நடக்கும்.

தெருவின் வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் கண்ணுக்குத்தான் தொல்லை. 750 நானோமீட்டருக்கு மேல் அவற்றில் ஒளி மிகக் குறைவு. பழைய மஞ்சள் சோடியம் விளக்கு அப்படியில்லை. 819 நானோமீட்டரில் அதற்கு ஒரு வலுவான கோடு உண்டு. அதைவிடப் பெரிய தொல்லை கண்ணுக்கே தெரியாதது. பக்கத்து வீட்டு சி.சி.டி.வி. கேமரா இருட்டில் பார்க்க 850 நானோமீட்டர் விளக்கை எரிய விடும். உங்கள் கேமராவுக்கு அது நேரே அடிக்கும் டார்ச். இரவில் செல்போனின் முன்பக்கக் கேமரா வழியாகச் சுற்றிலும் பாருங்கள்; பெரும்பாலும் ஊதா நிறத்தில் மின்னும். அந்தப் பக்கம் அட்டை வைத்து மறையுங்கள்.

தனுஷ்கோடி மணல்திட்டுதான் எல்லோருக்கும் ஆசை. மாலைக்கு மேல் அங்கே ஆட்களை விடுவதில்லை. மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. வேறு கடற்கரையில் இரவில் கருவியோடு உட்கார்வதானாலும் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். மணலில் ஸ்டாண்டு வைத்தால் ஈரமணல் வரும் வரை தோண்டி, ஒவ்வொரு காலுக்கும் அடியில் பலகைத் துண்டு ஒன்றைப் போட வேண்டும். இல்லாவிட்டால் நாலு மணி நேரத்தில் கால் இறங்கிக் கேமரா வேறு திசையைப் பார்க்கும். வீட்டு மொட்டை மாடியே உத்தமம்.

வடக்கு-தெற்குக் கோடு

ராமநாதபுரம் 9.4 பாகை வடக்கில் இருக்கிறது. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். பெரும்பாலான இரவுகளில் கடல்மூட்டத்தில் காணாமல் போகும். டிராக்கரை அதற்கு நேராக வைப்பது பெரும்பாடு. ஆனால் இதே காரணத்தால் வான நடுக்கோடு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் போகும் கோடு) ஏறக்குறைய நம் தலைக்கு மேலேயே போகிறது. அதனால் டிராக்கரை விட்டுவிட்டுக் கேமராவை உச்சிக்கோட்டில், அதாவது வடக்கிலிருந்து உச்சி வழியாகத் தெற்குக்குப் போகும் கோட்டில், அசையாமல் நிறுத்துங்கள். வானம் மணிக்கு 15 பாகை வீதம் தானாகக் கேமராவைக் கடந்து போகும். ஓர் இரவுக்கு ஒரு கீற்று.

உச்சிக்கோட்டைப் பிடிக்கச் சூரியனே போதும். மாடியில் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, சூரியன் உச்சிக்கு வரும் நிமிடத்தில் நூலின் நிழல் மேல் சாக்பீஸால் கோடு போடுங்கள். மார்ச் நடுவில் அந்த நேரம் ஏறக்குறைய மதியம் 12.24, மற்ற நாட்களுக்கு ஸ்டெல்லேரியம் என்ற வானவரைபட மென்பொருளில் பார்த்துக்கொள்ளலாம். நிமிடம் தவறக் கூடாது. சூரியன் தலைக்கு மேல் நிற்பதால் ஒரு நிமிடப் பிழையே ஒரு பாகைக்கு மேல் கோட்டைத் திருப்பிவிடும். சரியாக விழுந்த கோட்டின் மேல் பெயின்ட் அடித்துவிட்டால் அந்தப் பருவம் முழுக்க உதவும்.

கேமராவை எவ்வளவு சாய்க்க வேண்டும்? தெற்கு அடிவானத்திலிருந்து 80.6 பாகை என்றால் நடுவரை விலக்கம் (வான நடுக்கோட்டிலிருந்து வடக்கே + என்றும் தெற்கே − என்றும் அளக்கும் பாகை) 0. விலக்கம் −12 பாகைக்கு 68.6, −24க்கு 56.6, −36க்கு 44.6. விலக்கம் +12க்கு மட்டும் வடக்குப் பக்கமாக 87.4. இந்த ஐந்து கீற்றுகளில் தொடங்குங்கள். −48க்குப் போனால் உயரம் 33 பாகைக்கும் கீழே வந்துவிடும். காற்றுப் படலம் உச்சியில் இருப்பதைப் போல் ஏறக்குறைய 1.85 மடங்கு. சாய்வை அளக்கச் செல்போனின் மட்டம் பார்க்கும் செயலி போதும். படத்தின் நீளவாட்டம் கிழக்கு-மேற்காக இருக்கட்டும்.

குவியமும் படமும்

ஃபில்டரை மாட்டிய பிறகுதான் குவியம். அகச்சிவப்பு வேறு தளத்தில் குவியும்; கண்ணொளியில் சரி செய்தது இங்கே செல்லாது. திருவாதிரை நல்ல இலக்கு. 1.25 மைக்ரானில் வானத்திலேயே மிகப் பிரகாசமான விண்மீன் அதுதான். லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி முதலில் கூர்மையாக்குங்கள். பிறகு புள்ளி மூன்று பிக்சல் அகலம் பரவும் வரை மயிரிழை விலக்குங்கள். அழகான படம் வேண்டுபவருக்கு இது குற்றமாகப் படும். அளப்பவருக்கு ஒளி ஒரே பிக்சலில் விழுந்து நிரம்பிவிடாமல் இருப்பதுதான் முக்கியம். குவிய வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

எஃப்/2.8, ஐ.எஸ்.ஓ. 800, 3 விநாடி, ரா கோப்பு. ஒரு தடவைக்கு 40 படங்கள். 45 நிமிடத்துக்கு ஒரு தடவை. அந்த இடைவெளியில் வானம் 11 பாகை நகர்ந்திருக்கும்; படமோ 25 பாகை அகலம். ஆகவே கீற்றின் இரு ஓரங்கள் தவிர எல்லா விண்மீனும் குறைந்தது இரண்டு தடவை பதிவாகும். இரவு 9.30க்குத் தொடங்கி 1.15 வரை ஆறு தடவை. மார்ச் நடுவில் இது வல ஏற்றம் (வானத்தில் கிழக்கு-மேற்காக மணிக்கணக்கில் அளக்கும் ஆயத்தொலை) 8 மணியிலிருந்து 13 மணி வரையிலான வானத்தைத் தரும். பெரும்பாலும் பால்வழியின் நெரிசல் இல்லாத பகுதி, பழகுவதற்கு ஏற்றது.

நீண்ட படம் ஒன்றுக்குப் பதில் 40 குறும்படங்கள் எடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உயர வளிமண்டலத்தில் ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் இந்தப் பட்டையில் தாமாகவே ஒளிரும். அந்த ஒளி நிமிடத்துக்கு நிமிடம் மாறும்; குறும்படங்களில் அந்த மாற்றத்தைத் தனித்தனியே பார்க்கலாம்.

டார்க், ஃப்ளாட்

தொடக்கத்தில் இருப்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

டார்க் என்பது லென்ஸை மூடி, அதே 3 விநாடி, அதே ஐ.எஸ்.ஓ.வில் எடுப்பது. தொடக்கத்தில் 20, முடிவில் 20. நம் ஊர் இரவின் புழுக்கத்தில் சென்சாரின் இருட்டோட்டம் (ஒளி படாமலே வெப்பத்தால் சேரும் சிக்னல்) அதிகம்; டார்க் அதைக் கழிக்கத்தான்; 6 பாகை செல்சியஸ் கூடினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இன்னொரு நாள் எடுத்த டார்க்கை எடுத்துப் போடாதீர்கள். கறுப்பு பிளாஸ்டிக் மூடி கண்ணுக்குத்தான் கறுப்பு. சில வகைகள் அகச்சிவப்பைத் தாராளமாக உள்ளே விடும். மூடியின் மேல் அலுமினியத் தாள் சுற்றுங்கள். வியூஃபைண்டரையும் மூடுங்கள்.

ஃப்ளாட் என்பது சீரான வெளிச்சத்தை எடுப்பது. லென்ஸ் ஓரம் மங்குவதையும் தூசியையும் திருத்த உதவும். இணையத்தில் எல்லோரும் எல்.இ.டி. பலகையைச் சொல்வார்கள். அதில் நமக்கு வேண்டிய ஒளியே கிடையாது. அந்திவானம்தான் சிறந்தது. வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து லென்ஸின் மேல் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, உச்சியை நோக்கி 30 படங்கள். சிவப்புப் பிக்சல் மதிப்பு 7,000 வாக்கில் வர வேண்டும். இங்கே சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி சட்டென்று முடியும். பத்து நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள். தவறவிட்டால் பழைய குண்டு பல்பின் வெளிச்சத்தை வெள்ளைச் சுவரில் விழவைத்து எடுக்கலாம். எதுவானாலும் துளையும் குவியமும் இரவில் வைத்ததே இருக்க வேண்டும்.

கடைசியாகப் பயாஸ், அதாவது ஒளியே இல்லாதபோதும் சென்சார் காட்டும் அடிப்படை மதிப்பு: லென்ஸை மூடி, மிகக் குறைந்த நேரத்தில் 50 படங்கள்.

உப்பு படிந்த ஃபில்டரை உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் ஊது பந்தால் மணலைத் தட்டி, காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மென்துணியால் ஒற்றி எடுங்கள்.

படத்திலிருந்து பட்டியலுக்கு

சிரில் மென்பொருள் இலவசம். பயாஸ், டார்க், ஃப்ளாட் திருத்தம் முடிந்ததும் நிறம் சேர்க்காமல், சிவப்புப் பிக்சல்களை மட்டும் தனியே பிரியுங்கள். 720 ஃபில்டரில் பச்சை, நீலப் பிக்சல்களுக்குப் போகும் ஒளி வேறு விகிதம். கலந்தால் அளவு குழம்பும். 40 படங்களையும் பொருத்திச் சராசரி எடுங்கள். பளபளப்புக் கூட்டும் எந்தப் பொத்தானையும் தொட வேண்டாம். ஆஸ்டாப் மென்பொருளில் கொடுத்தால் படத்தின் எந்தப் பிக்சல் எந்த வான ஆயத்தொலை என்று கண்டுபிடித்துவிடும்.

ஒளி அளக்க 3 பிக்சல் ஆரமுள்ள வட்டம். பின்னணிக்கு 6 முதல் 10 பிக்சல் வரை வளையம். உச்ச மதிப்பு 12,000ஐத் தாண்டிய விண்மீன்களை 'நிரம்பியது' என்று குறியிட்டு ஒதுக்குங்கள். இதை ஒவ்வொரு குறும்படத்திலும் பாருங்கள். சராசரிப் படம் மறைத்துவிடும்.

உங்கள் பிரகாச அளவை (மேக்னிட்யூட்) வானியலின் பொது அளவுகோலோடு இணைக்க, ஐரோப்பிய விண்கலமான காயாவின் தரவில் 2022இல் வந்த மூன்றாம் வெளியீட்டின் ஆர்.பி. என்ற சிவப்புப் பட்டைதான் நம் பட்டைக்கு மிக அருகில் இருப்பது. பொருந்திய விண்மீன்களில் காயா நிறக்குறியீடு (பி.பி. − ஆர்.பி., அதாவது நீலப் பட்டை அளவிலிருந்து சிவப்புப் பட்டை அளவைக் கழித்தது) 0.5 முதல் 1.5 வரை உள்ளவற்றை எடுத்து, காயா அளவுக்கும் உங்கள் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தின் இடைநிலை மதிப்பைக் கணக்கிடுங்கள். அதுதான் உங்கள் பூச்சியப் புள்ளி. பிறகு அந்த வித்தியாசத்தை நிறத்துக்கு எதிராக வரைந்து சாய்வையும் திருத்துங்கள். சிதறல் 0.05 அளவுக்குள் இருந்தால் நல்ல இரவு. 0.1ஐத் தாண்டினால் எங்கே என்று பாருங்கள். படத்தின் ஓரத்தில் மட்டும் என்றால் ஃப்ளாட் சரியில்லை. ஒரு பக்கத்தில் மட்டும் என்றால் மெல்லிய மேகம். அங்கங்கே தனித்தனியாக என்றால் இரண்டு விண்மீன்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. நேரம் போகப் போக எல்லாமே சீராக மங்கினால் லென்ஸில் பனியோ உப்போ.

பட்டியலில் இருக்க வேண்டியவை: வல ஏற்றம், விலக்கம், ஜூலியன் நாள் (வானியலில் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் எண்), அளவு, பிழை, எத்தனை தடவை பதிவானது, குறியீடு. குறைந்தது இரண்டு தடவை பதிவாகாத எதையும் சேர்க்காதீர்கள். சூடான பிக்சலும் செயற்கைக்கோளும் அதிலேயே கழிந்துவிடும். ஓரத்தில் ஒரே தடவை வந்தவற்றைத் தனிக் கோப்பில் போட்டு வையுங்கள். டாப்கேட் மென்பொருளில் 20 விகலை வரம்பு வைத்து, கண்ணொளியில் அளந்த டைக்கோ-2 விண்மீன் பட்டியலோடு பொருத்தினால் கண்ணொளி அளவும் பக்கத்தில் வந்துவிடும். கண்ணொளி அளவிலிருந்து உங்கள் அளவைக் கழித்துப் பெரிய வித்தியாசத்தை மேலே வைத்து வரிசைப்படுத்தினால் சிவப்பு அரக்கர்கள் எனப்படும் முதிர்ந்து பெருத்த விண்மீன்கள் முதல் வரிகளில் நிற்கும்.

சரி பார்க்க இரண்டு பேர். −12 கீற்றில் யு ஹைட்ரே என்ற கரிம விண்மீன். +12 கீற்றில் மகத்துக்கு ஏறக்குறைய 5 பாகை மேற்கே ஆர் லியோனிஸ். சுமார் 310 நாளுக்கு ஒரு முறை மங்கி ஒளிரும் மைரா வகை. இவை உங்கள் வரிசையின் தலைப்பகுதியில் இல்லாவிட்டால் முதலில் 'நிரம்பியது' குறியைப் பாருங்கள். அகச்சிவப்பில் ஆர் லியோனிஸ் நீங்கள் நினைப்பதைவிடப் பிரகாசம். 3 விநாடியில் நிரம்பி, ஒதுக்கிய கோப்பில் கிடக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் அந்தக் கீற்றில் தடவைக்கு 10 படங்களை அரை விநாடியில் சேர்த்து எடுங்கள். அவற்றுக்கான டார்க்கும் அரை விநாடியில் தனியாக வேண்டும்.