கரீபியத் தீவுகளிலிருந்து அலுவலக விருந்தினர்: புதுச்சேரியில் கூட்டம் நடத்துவோருக்கு

கரீபியக் கிளைகளிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் புதுச்சேரிக்கு வருகிறார்கள் என்று தெரிந்தவுடன் நம்மவர்கள் முதலில் தேடுவது கடற்கரைச் சாலைக்கு அருகில் ஒரு விடுதியைத்தான். அதற்கு முன்பே, யார் எந்தத் தீவிலிருந்து வருகிறார், எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிரினிடாட், ஜமைக்கா, பார்படோஸ் ஆகிய தீவுகளுக்குத் தனித்தனி அரசுகள் உண்டு. மார்த்தினிக்கும் குவாதலூப்பும் பிரான்சைச் சேர்ந்தவை என்பதால் அங்கிருந்து வருபவர்களிடம் பெரும்பாலும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருக்கும். பிற்பாடு வரும் கேள்விகளில் பாதிக்கு அந்தத் தாளிலேயே விடை கிடைத்துவிடும்.

தேதி குறிப்பதில் அவசரம் கூடாது. அவர்களுடைய சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. நம்முடைய வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீளும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையில் என்ன செய்தன என்பதைக் கடலூர், புதுச்சேரி மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிப்ரவரியிலும் மார்ச் தொடக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு: கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும் டிரினிடாட்டில் கார்னிவல் என்ற தெருவிழா நடப்பதால், அந்த வாரத்தில் அங்கிருந்து யாரையும் எதிர்பார்க்க முடியாது. எனவே பொங்கல் கழிந்த ஜனவரிப் பிற்பகுதியே எனக்குப் பிடித்த காலம். சனி, ஞாயிறுகளில் சென்னை, பெங்களூருக் கூட்டம் வந்து அறை வாடகை ஏறிவிடும் என்பதால் திங்கள் முதல் வியாழன் வரை வைத்துக்கொள்வது நல்லது. ஜமைக்காவில் ஏழாம் நாள் ஓய்வுக் கிறிஸ்தவர்கள் கணிசமாக இருக்கிறார்கள்; வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை அவர்கள் வேலை செய்வதில்லை என்பதும் இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துவரும்.

விசாவைப் பொறுத்தவரை, அலுவலகக் கூட்டத்துக்கு வருபவர் சுற்றுலா விசாவில் வரக் கூடாது. வணிக மின்விசாவுக்கு (e-Business visa) நிறுவனத்தின் அழைப்புக் கடிதமும் விசிட்டிங் கார்டின் நகலும் கேட்பார்கள் என்பதால், கடிதத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். டிரினிடாட்டிலிருந்து வருபவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் அந்தச் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள், அதற்குள் உங்கள் கூட்டமே முடிந்துவிடும். இந்தியாவில் மின்சிகரெட் தடைசெய்யப்பட்டிருக்கிறது என்பதையும், ஜமைக்காவில் சிறிதளவு கஞ்சாவுக்குக் கிடைக்கும் சலுகை இங்கே இல்லை என்பதையும் கூச்சப்படாமல் எழுதி அனுப்புங்கள். வெளிநாட்டவர் தங்கினால், தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். பெரிய விடுதிகள் தாமாகவே செய்துவிடும், வீட்டு விடுதிக்காரரிடம் நீங்கள்தான் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நம்முடைய காலை ஒன்பதரை மணி டிரினிடாட்டின் தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயினில் நள்ளிரவு பன்னிரண்டு. இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் நிகழ்ச்சி நிரல் தானாக அமைந்துவிடும். ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்து, சென்னையிலிருந்து இன்னும் சுமார் 150 கிலோமீட்டர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து சேர்பவருக்கு முதல் நாள் முழுவதும் ஓய்வு கொடுங்கள். அடுத்த நாள் பதினோரு மணிக்குத் தொடங்கி, முடிவெடுக்க வேண்டிய விஷயங்களை மாலை நான்கு மணிக்கு மேல் வைத்தால், அவர்கள் விழிப்போடு பேசுவார்கள். அவர்கள் ஊரிலேயே இருக்கும் சகாக்களும் நம் மாலை ஆறு மணிக்கு இணையத்தில் சேரலாம், அங்கே அப்போது காலை எட்டரை, ஜமைக்காவில் மட்டும் ஏழரை. கூட்டம் கலைந்தபின் மாலையில் வாகனப் போக்குவரத்து நிறுத்தப்படும் கடற்கரைச் சாலையில் நடக்க விட்டுவிட்டால் வேறு பொழுதுபோக்கு ஏற்பாடு எதுவும் தேவைப்படாது.

சென்ற முறை நாங்கள் வோல்ட் அளவை மறந்துவிட்டோம். டிரினிடாட், பார்படோஸ், ஜமைக்காவில் மின்சாரம் 110, 115 வோல்ட் அளவில்தான் வரும், நம்முடையது 230. பிளக் பொருந்துவதற்கான அடாப்டரை மட்டும் வாங்கிக் கொடுத்தோம். இரவு பத்து மணிக்கு விருந்தினர் ஒருவருடைய முடி உலர்த்தியிலிருந்து முதலில் கருகல் வாடை, பிறகு ஒரு படார் சத்தம். மாடி முழுவதும் இருட்டு. மடிக்கணினி, போன் சார்ஜர்களுக்கு அடாப்டர் போதும், சூடேற்றும் கருவிகளை ஊரிலேயே விட்டுவரச் சொல்ல வேண்டும். மார்த்தினிக், குவாதலூப்காரர்களுக்கு வோல்ட் சிக்கல் இல்லை.

சாப்பாட்டில் நாம் செய்யும் தவறு, வெளிநாட்டவர் என்றதும் சமையற்காரரிடம் "காரமே வேண்டாம்" என்று சொல்லிவிடுவது. ஸ்காட்ச் பானெட் மிளகாயைத் தின்று வளர்ந்தவர்களுக்கு நம் காரம் பெரிதல்ல. டிரினிடாட்டின் தெருக்களில் காலையுணவாக விற்கும் டபுள்ஸ், பொரித்த ரொட்டிக்கு நடுவே கொண்டைக்கடலைக் கறி வைத்தது. தால்பூரி, இனிப்பில்லாத பருப்புப் போளி என்று சொல்லலாம். ஜமைக்காவில் தோன்றிய ராஸ்தஃபாரி சமய நெறியைப் பின்பற்றுபவர் எவராவது இருந்தால் இறைச்சியை மட்டுமல்ல, உப்பையும் தவிர்க்கக்கூடும் என்பதால் முன்னதாகவே கேட்டுவிடுங்கள். எங்கள் சமையற்கார அம்மா நல்லெண்ணெயில் வெங்காய வடகத்தைக் கிள்ளிப் போட்டபோது, குவாதலூப்பிலிருந்து வந்தவர் கூடத்திலிருந்து எழுந்து வந்து குழம்புத்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்து, "இது எங்கள் கொலொம்போ" என்றார். மல்லி, சீரகம், கடுகு, மஞ்சள், வெந்தயம் சேர்ந்த அந்தத் தூளுக்கும் அதைப் போட்டுச் சமைத்த கறிக்கும் அங்கே அதுவே பெயர்.

அது தற்செயல் அல்ல. ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற ஒரேலி என்ற கப்பல் 1853 மே 6 அன்று மார்த்தினிக்கையும், 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்பையும் அடைந்தது. பின்னர் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பல்லாயிரம் பேர் அப்படிப் போனார்கள். பெயர்ப் பட்டியலில் ராமசாமி, முத்துசாமி ஆகியவை பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் வந்தால் வியக்க வேண்டாம். இந்தியர்களின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடிய குவாதலூப்காரரின் பெயரே ஆன்றி சிதம்பரம். ஆனால் அத்தகைய விருந்தினரிடம் "தமிழ் தெரியாதா?" என்று கேட்காதீர்கள், சாதி, சொந்த ஊர் விசாரணையும் வேண்டாம். அவராகவே முன்னோர் ஊரைப் பார்க்க விரும்பினால், கூட்டம் முடிந்த மறுநாள் ஒரு காரை ஒதுக்கி, பிரெஞ்சும் தமிழும் அறிந்த ஒருவரை உடன் அனுப்புங்கள்.

புறப்படும் நாளில் பெட்டியில் மது பாட்டில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். சென்னைக்குப் போகும் வழியில் கனகசெட்டிக்குளத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. புதுச்சேரியில் வாங்கிய சரக்கோடு சோதனைச் சாவடியில் நின்றால் விமானத்தைத் தவறவிட நேரிடலாம். பயணச்சீட்டின் தேதியையும் அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள்: வெள்ளி அதிகாலை ஒன்றரை மணி விமானத்துக்கு வியாழன் மாலை ஆறு மணிக்கே கார் வாசலில் நிற்க வேண்டும்.