எஞ்சினுக்குள் முறிந்த போல்ட்டை வெளியே எடுப்பது எப்படி?

'டக்' என்று ஒரு சத்தம். அதுவரை முரண்டு பிடித்த ஸ்பேனர் திடீரென்று இலேசாகச் சுற்றும். கையோடு வருவது போல்ட்டின் தலை மட்டும். உடல் எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிடும். பழைய காரின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (எஞ்சினின் புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதியை) கழற்றுகிறவர்கள் அநேகமாக ஒருமுறையாவது இந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். அங்கே எஃகு ஸ்டட் (தலையில்லாத போல்ட்), எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டுக்குள் ஆண்டுக்கணக்கில் சூடேறி, ஆறி, அரித்து இறுகிக் கிடக்கும்.

எனக்கு முதன்முறை நேர்ந்தபோது, உடனே துளை போட்டு, முறிந்த துண்டைக் கவ்வித் திருகி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் என்ற கருவியைச் செருகித் திருகினேன். அதுவும் உள்ளே முறிந்தது. எக்ஸ்ட்ராக்டர் கடினமாக்கப்பட்ட எஃகு. சாதாரண டிரில் பிட் அதன் மேல் வழுக்கத்தான் செய்யும். ஒரு மணி நேர வேலை லேத் பட்டறை வரை போனது. அதனால்தான் இங்கே அதற்குக் கடைசியில் இடம் கொடுத்திருக்கிறேன்.

1. தயாரிப்பு. எஞ்சின் ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். கண்ணாடி அணியுங்கள். திறந்திருக்கும் துவாரங்களில் துணியை அடையுங்கள். உள்ளே விழும் இரும்புத் துகள் வால்வையோ பிஸ்டனையோ கெடுத்துவிடும்.

2. எண்ணெய். மரைக்குள் ஊடுருவும் துரு நீக்கி எண்ணெயைத் தெளித்து, சுத்தியலால் மெல்லத் தட்டி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். பலர் பத்து நிமிடம் கூடக் காத்திருப்பதில்லை.

3. வெளியே நீட்டியிருந்தால். வைஸ் கிரிப்பால் (பிடித்த பிடியில் பூட்டிக்கொள்ளும் குறடு) இறுகப் பிடித்துத் திருப்புங்கள். ஒரே பக்கமாக அழுத்தாதீர்கள். கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கி, எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் அசையுங்கள்.

4. சூடு. அசையவில்லையா? சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இருமடங்கு விரிவடையும், பிடி தளரும். ஆனால் அது சிவக்கும் என்று காத்திருக்காதீர்கள். இரும்பைப்போல் கண்ணுக்குத் தெரியச் சிவக்காமலேயே 660 டிகிரி செல்சியஸை எட்டும் முன்பே உருகிவிடும். தண்ணீர்த் துளி சுரீரென்று ஆவியாகும் சூடு போதும். அந்தச் சூட்டில் மெழுகுவர்த்தியை மரை ஓரத்தில் வைத்தால் மெழுகு உருகி உள்ளே இறங்கும். எண்ணெய் போகாத இடத்துக்கும் அது போவதைப் பார்த்திருக்கிறேன். தீயைக் காட்டும் முன் தெளித்த எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். பெட்ரோல் குழாய் அருகில் இருந்தால் இந்தப் படியே வேண்டாம்.

5. நட்டை வெல்டிங் செய்வது. போல்ட் மட்டத்தோடு முறிந்திருந்தால் என் ஓட்டு இதற்குத்தான். முதலில் ஒரு வாஷர், அதன் மேல் ஒரு நட்டு. நடுத்துளை வழியாக முறிந்த துண்டோடு வெல்டிங் செய்ய வேண்டும். எஃகின் வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது, அதனால் ஹெட்டுக்குப் பயமில்லை. வெல்டிங் சூடும் துருப்பிடியை உடைக்கும். சற்று ஆறியதும் ஸ்பேனர் போட்டுத் திருப்பலாம். பழக்கமில்லையென்றால் வெல்டரை அழையுங்கள்.

6. துளையிடுவது. முறிந்த முகத்தை அரத்தால் தட்டையாக்கி, சரியான நடுவில் சென்டர் பஞ்சால் (கூர்முனை உளி) அடித்துக் குழி போடுங்கள். முழு வேலையும் இந்த ஒரு புள்ளியில் இருக்கிறது. சற்று விலகினாலும் பிட், மென்மையான அலுமினியத்தின் பக்கம் ஓடிவிடும். 3 மி.மீ. பிட்டில் தொடங்குங்கள்; குறைந்த வேகம், நிறைய எண்ணெய். சில ஸ்டட் துளைகளுக்குப் பின்னால் தண்ணீர்ப் பாதை இருக்கும். பக்கத்து ஸ்டட்டின் நீளத்தை அளந்து, பிட்டில் டேப் ஒட்டி எல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

இடப்பக்கம் சுற்றும் டிரில் பிட் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். துளையிடும்போதே துண்டு சுழன்று வெளியே வந்துவிடுவது உண்டு. வராவிட்டால் மட்டும் எக்ஸ்ட்ராக்டர். கை நடுங்கும் அளவுக்கு அழுத்தம் தேவைப்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். எம்8 (8 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டில், மரையின் இடைவெளி 1.25 மி.மீ. என்றால், 6.5 மி.மீ. வரை துளையைப் பெரிதாக்கி மிச்ச மரையை ஊசியால் உரித்தெடுக்கலாம்.

7. மரையைச் சரிசெய்வது. மரை வெட்டும் கருவியான டேப்பை (tap) ஓட்டிச் சுத்தம் செய்யுங்கள். மரை போய்விட்டிருந்தால் ஹெலிகாய்ல் (புது மரையாக உள்ளே பொருத்தும் கம்பிச்சுருள்) போடலாம். எக்ஸாஸ்ட் பக்கத்துக்கும் அது தாங்கும். புது ஸ்டட்டில் செம்பு கலந்த பசையைத் தடவுங்கள். கையேட்டின் டார்க் (இறுக்கும் திருகுவிசை) அளவு பெரும்பாலும் உலர்ந்த மரைக்கானது. பசை தடவிய பிறகு அதே அளவுக்கு இறுக்கினால் புது ஸ்டட்டும் முறியலாம். சற்றுக் குறைத்தே இறுக்குங்கள்.